எத்தனை படி தெரியுது? கிணற்றுப் படத்தை வீட்டு லேப்டாப்புக்கு அனுப்பிய பதிவு

போன ஞாயிறு காலை 6.10க்கு லேப்டாப் திரையில் ஒரு வரி வந்தது: "36/36, சரி". கிணற்று மேட்டில் இருக்கும் சின்னக் கணினி எடுத்த படம் முப்பத்தாறு துண்டுகளாக வந்து, ஒட்டி, சரிபார்த்து, முழுப் படமாக உட்கார்ந்திருந்தது. மூன்று மாதமாக இதற்காகத்தான் சனி, ஞாயிறுகளைக் கொடுத்திருந்தேன். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். எங்கெங்கே தடுக்கி விழுந்தேன் என்பதையும் சேர்த்துத்தான்.

எங்கள் தோட்டம் தாராபுரம் பக்கம். நான் இருப்பது கோயமுத்தூரில், வாரக் கடைசியில்தான் ஊருக்குப் போவேன். சித்திரைக் கடைசியில் கிணற்றில் தண்ணீர் இறங்கியது தெரியாமல் அப்பா வீட்டிலிருந்தே மொபைல் ஸ்டார்ட்டரில் மோட்டாரைப் போட்டுவிட்டார். வெறுமனே ஓடி காயில் கருகிவிட்டது. திரும்பக் கட்ட 6,800 ரூபாய். ஏற்றி இறக்கியவர்கள் கூலி தனி. வீட்டுக்கும் கிணற்றுக்கும் எழுபது மீட்டர்தான். ஆனால் அப்பாவுக்கு முழங்கால் வலி, ஒவ்வொரு முறையும் போய் எட்டிப் பார்க்க முடியாது.

சென்சார் வைக்கலாமே என்பார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் நான்கு மீட்டர் வரைதான் அளக்கும். எங்கள் கிணறு அறுபதடிக்கு மேல். ரெடிமேட் கேமரா ஒன்றை வாங்கி மாட்டியிருக்கலாமே என்றால், மாட்டியிருக்கலாம்தான். ஒரு நாளில் வேலை முடிந்திருக்கும். ஆனால் படத்தை நானே எடுத்து, நானே அனுப்பி, பின்னால் அதிலிருந்து மட்டத்தை நிரலே படிக்கும்படி செய்யவேண்டும் என்று ஆசை. ஆசைக்கு விலை என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மோட்டார் ரூமில் ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்றும், ஐந்து மெகாபிக்சல் கேமரா ஒன்றும். இந்த ஜீரோ வகைப் பலகையில் கேமரா சொருகும் இடம் குறுகலானது, 22 பின். கேமராவோடு வரும் இணைப்புப் பட்டை (ரிப்பன் கேபிள்) 15 பின். முதல் வாரம் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு, சொருகவே முடியாமல், மாற்றுப் பட்டைக்கு ஆர்டர் போட்டுவிட்டுத் திரும்பி வந்ததோடு சரி. வாங்குகிறவர்கள் அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். வீட்டில் பரண்மேல் கிடந்த பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு அதைப் படங்களை வாங்கி வைக்கும் சர்வர் ஆக்கினேன். பழைய ரூட்டர் ஒன்றைத் திண்ணை ஜன்னலில் வைத்து வைஃபை. மோட்டார் ரூமில் சிக்னல் மைனஸ் 79 டிபிஎம். அதாவது இருக்கிறது, ஆனால் இல்லை.

அனுப்பும் வழியைப் பற்றி அப்போது நான் யோசித்தது ஒரே ஒரு விஷயம்தான். சர்வரில் "படத்தை வாங்கிக்கொள்" என்று ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) இருக்கவேண்டும். கிணற்றுப் பக்கத்து நிரல் அதைத் தன் வீட்டு ஃபங்ஷன் போலவே கூப்பிடவேண்டும். நடுவில் இருக்கும் நெட்வொர்க் சமாசாரம் எதுவும் என் கண்ணில் படக்கூடாது. ஆர்பிசி என்கிற தொலை அழைப்பின் ஆசைவார்த்தையே அதுதானே.

முதல் வழி: எக்ஸ்எம்எல்-ஆர்பிசி

அழைப்பை எக்ஸ்எம்எல் என்ற எழுத்து வடிவத்தில் அனுப்பும் முறை இது. நான் நிரல் எழுதும் பைதான் மொழியோடு சேர்ந்தே வருகிறது, தனியாக எதையும் நிறுவவேண்டாம் என்பதால் இதில் தொடங்கினேன். 1998 காலத்துச் சரக்கு. எண்களை, எழுத்துகளை அனுப்ப இன்றைக்கும் அருமையாகத்தான் இருக்கிறது. "வணக்கம்" அனுப்பினேன், போனது. கேமராவிலிருந்து வந்த நம்பை அரேயை (படத்தின் புள்ளிகளை எண்களாக வைத்திருக்கும் பைதான் அட்டவணை) அப்படியே அனுப்பினேன், இந்த வகைப் பொருளை மூட்டை கட்டத் தெரியாது என்று பிழை வந்தது. நியாயம்தான், எக்ஸ்எம்எல்லுக்கு நம்பையைப் பற்றி என்ன தெரியும்.

அப்போது ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். அரேயைச் சாதாரண பைதான் லிஸ்ட்டாக மாற்றிவிட்டால் எண்கள்தானே, எண்களை அனுப்பத் தெரியுமே! மாற்றி அனுப்பினேன். இரண்டு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் திரையில் "கில்டு" என்ற ஒற்றைச் சொல்லோடு நிரல் செத்துப்போனது.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். படம் 2592க்கு 1944. ஒரு புள்ளிக்கு மூன்று நிறம். மொத்தம் 1,51,16,544 எண்கள். எக்ஸ்எம்எல்-ஆர்பிசியில் ஒவ்வொரு எண்ணும் தொடக்கக் குறி, வகைக் குறி, முடிவுக் குறி எல்லாம் சுற்றிக்கொண்டுதான் கிளம்பும். 127 என்ற மூன்று எழுத்துக்கு மேலே போடும் உடுப்பையும் சேர்த்தால் முப்பது பைட். ஒன்றரைக் கோடியை முப்பதால் பெருக்கினால் 45 கோடி பைட். அந்தப் பலகையில் இருக்கிற நினைவகமே 512 எம்பி. குட்டியானையில் கல்யாண மண்டபத்தையே ஏற்றப் பார்த்திருக்கிறேன்.

சரி, பிறகுதான் ஒழுங்கான வழிக்கு வந்தேன். பிக்சல்களை அனுப்பக்கூடாது. படத்தை அங்கேயே ஜேபெக்காகச் சுருக்கி, அந்த பைட்டுகளை பைனரி என்ற உறைக்குள் போட்டு அனுப்பவேண்டும். அந்த உறை உள்ளே பேஸ்64 ஆக மாற்றிக்கொள்கிறது, அதாவது மூன்று பைட்டை நான்கு எழுத்தாக. போதாததற்கு 76 எழுத்துக்கு ஒரு வரி முறிப்பு வேறு. என் சோதனைப் படம் 23,41,880 பைட். கம்பியில் போனது 31,63,594. நூற்றுக்கு முப்பத்தைந்து சதவீதம் சும்மா சுமை. ஆனாலும் போனது! சர்வரில் உறையைப் பிரித்து உள்ளே இருக்கும் டேட்டாவை எடுத்துக் கோப்பில் எழுதினேன். திறந்தது. கிணறு தெரிந்தது.

ஆனால் கிணற்றுச் சுவரில் நான் சிவப்பு பெயின்ட்டில் போட்ட அடிக்கோடுகள் (ஆழத்தை அடிக்கணக்கில் காட்டும் கோடுகள்) எல்லாம் நீலமாக இருந்தன.

போட்டது நான். டப்பா மோட்டார் ரூமில் இருக்கிறது. சிவப்பேதான். அரை மணி நேரம் ஜேபெக் தரத்தையும் வெள்ளைச் சமநிலையையும் நோண்டிக்கொண்டிருந்தேன். விஷயம் என்னவென்றால், இந்த கேமராவின் பைதான் நூலகத்தில் "ஆர்ஜிபி888" என்று கேட்டால் அரேயில் வருவது நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசை. பெயர் ஒன்று, வரிசை தலைகீழ். ஓப்பன்சிவி என்ற பட நூலகம் தலைகீழைத்தான் எதிர்பார்க்கும், அதனால் அதில் எழுதுகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. நான் பில்லோ என்ற இன்னொரு பட நூலகத்தில் எழுதியதால் மாட்டிக்கொண்டேன். "பிஜிஆர்888" என்று மாற்றிக் கேட்டதும் சிவப்பு சிவப்பானது. பச்சை தலைகீழிலும் நடுவிலேயே இருப்பதால் சுவரில் முளைத்திருந்த செடிகள் பச்சையாகவே இருந்தன. அதனால்தான் சந்தேகம் கேமராவின் மேல் போகாமல் பெயின்ட்டின் மேல் போனது.

அடுத்த வாரம் வந்து பார்த்தால் ஒரே படம் ஐந்தைந்து முறை சேமிக்கப்பட்டிருந்தது. வாங்கும் ஃபங்ஷன் கடைசியில் எதையும் திருப்பித் தரவில்லை. பைதானில் எதுவும் தராவிட்டால் "நன்", அதாவது ஒன்றுமில்லை என்பதைத் தந்ததாகக் கணக்கு. எக்ஸ்எம்எல்-ஆர்பிசிக்கு, தனியாகச் சொல்லி வைக்காவிட்டால், நன் என்ற ஒன்றை அனுப்பத் தெரியாது. ஆக, படம் வந்து பத்திரமாகச் சேமித்தாகிவிட்டது. "வந்துவிட்டது" என்ற பதில் மட்டும் பிழையாகிப் போய்ச் சேர்ந்தது. அனுப்பியவன் பாவம், போகவில்லை போலிருக்கிறது என்று ஐந்து முறை முயன்றிருக்கிறான். கடைசி வரியில் ஒரு "உண்மை" திருப்பித் தந்ததும் தீர்ந்தது. தொலை அழைப்பில் வேலை நடந்ததா என்பதும் பதில் வந்ததா என்பதும் வெவ்வேறு கேள்விகள். இதைப் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன், ஆனால் ஐந்து கிணறுகளைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

இந்த வழியைக் கைவிட வைத்தது வேறொன்று. ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணியோடு படம் நின்றுபோனது. அப்பா போன் பண்ணினார். சர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் யார் கூப்பிட்டாலும் பதில் இல்லை. அந்த எளிய சர்வர் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் கவனிக்கும். கிணற்றுப் பக்கம் முப்பத்தொரு லட்சம் பைட் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, பாதியில் கரண்ட் போய்ச் செத்துவிட்டது. மீதி வரும் வரும் என்று இவர் வாசலிலேயே நிற்கிறார். கரண்ட் திரும்பி அடுத்த அழைப்பு வந்தால் அது வரிசையில் பின்னால். அனுப்பும் பக்கத்திலும் தானாகக் கால வரம்பு எதுவும் கிடையாது, அதுவும் அசையாமல் நிற்கும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பி நிற்கும் காட்சியை நாலு நாள் கழித்து வந்துதான் கலைத்தேன்.

இதற்கும் வைத்தியம் உண்டு. ஒவ்வொரு அழைப்பையும் தனித்தனியாகக் கவனிக்கும்படி தனி இழை கொடுக்கலாம், இணைப்புக்கு டைம்அவுட், அதாவது கால வரம்பு, வைக்கலாம். வைத்தேன். ஆனாலும் 95 சதவீதம் போன பிறகு அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. சிக்னல் நன்றாக இருந்தால் ஒரு படம் ஒன்பது விநாடி, மோசமான நேரத்தில் முக்கால் நிமிடத்துக்கு மேல். அந்த முக்கால் நிமிடத்துக்குள் வைஃபை ஒருமுறையாவது இருமும்.

இரண்டாவது வழி: ஜிஆர்பிசி

கூகுள் 2015ல் வெளியே விட்ட இந்தத் தொலை அழைப்பு முறையில் பைட்டுகளுக்குப் பேஸ்64 வேடம் கிடையாது. ஒரே அழைப்புக்குள் துண்டு துண்டாக ஓடவும் விடலாம். அலுவலகத்தில் வேறு வேலைக்குத் தொட்டிருக்கிறேன். அதனால் ஒரு சனிக்கிழமை மதியத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடிக்க ஐந்து வாரம் ஆனது.

முதல் வாரம் முழுக்க நிறுவுவதிலேயே போனது. பழைய குறிப்பில் இருந்த கட்டளையை அப்படியே அடித்தேன். அதில் ஒரு பழைய பதிப்பு எண் இருந்தது. அந்தப் பதிப்புக்கு இந்தப் பைதானுக்கான ரெடிமேட் கட்டு இல்லை, ஆகவே பைதானின் நிறுவும் கருவியான பிப் அமைதியாக மூல நிரலிலிருந்து அங்கேயே கட்டியெழுப்ப (கம்பைல்) ஆரம்பித்துவிட்டது. 512 எம்பி நினைவகத்தில்! ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பலகை தொட முடியாத சூட்டில் இருந்தது, நிறுவல் செத்திருந்தது. பதிப்பு எண்ணை எடுத்துவிட்டு அடித்ததும் மூன்று நிமிடத்தில் முடிந்தது. இன்னொன்று: பைதான் பொதிகளைத் தனியாக வைக்கும் மெய்நிகர் சூழலை வெறுமனே உருவாக்கினால் கேமரா நூலகம் அதற்குள் தெரியாது. கணினியின் பொதுப் பொதிகளையும் பார்க்கும்படி சொல்லி உருவாக்கவேண்டும்.

ஜிஆர்பிசி அழைப்புக்கான பைதான் குறியீட்டை உருவாக்கும் கருவியைப் பலகையில் நிறுவவே வேண்டாம் என்பதும் பிறகுதான் புரிந்தது. லேப்டாப்பில் உருவாக்கி, வந்த இரண்டு பைதான் கோப்புகளை அங்கே நகலெடுத்தால் போதும். ஒரே நிபந்தனை, பலகையில் இருக்கும் ஜிஆர்பிசி பதிப்பு, உருவாக்கிய கருவியின் பதிப்பைவிடப் பழையதாக இருக்கக்கூடாது. இருந்தால் ஏற்றும்போதே சண்டைக்கு வரும். என்னிடம் வந்தது.

அழைப்பில் என்னென்ன போகும் என்று விவரிக்கும் ப்ரோட்டோ கோப்பில் படத்துக்கான புலத்தை "ஸ்ட்ரிங்", அதாவது எழுத்து, என்று எழுதியிருந்தேன். கைப்பழக்கம். சோதனைக்கு எழுத்துக் கோப்பு அனுப்பியபோது ஓடியது. படம் அனுப்பியதும் இது சரியான யூடிஎஃப்-8 (எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறை) இல்லை என்று திருப்பிவிட்டது. எந்த ஜேபெக்கும் முதல் பைட்டாக 255ஐ வைத்துத்தான் தொடங்கும். யூடிஎஃப்-8ல் 255 என்ற பைட்டுக்கு எங்கேயும் இடமில்லை. முதல் அடியிலேயே விழுந்ததும் நல்லதுதான், நடுவில் எங்காவது விழுந்திருந்தால் தேடிக்கொண்டே இருந்திருப்பேன். "பைட்ஸ்" என்று மாற்றினேன்.

பிறகு "கோரிக்கைகளை வரிசையாக எடுக்கும்போது கோளாறு" என்ற பொருளில் ஒரு பிழை. துண்டு துண்டாக ஓடவிடும் ஸ்ட்ரீமிங்கில், துண்டுகளை ஒவ்வொன்றாகத் தருவதற்கு ஜெனரேட்டர் என்ற வகை பைதான் ஃபங்ஷன் ஒன்றை எழுதுகிறோம். அதற்குள் எது உடைந்தாலும் வெளியே தெரிவது இந்த மொட்டை வாக்கியம்தான். நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டேன், ரூட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டேன். கடைசியில் ஜெனரேட்டரை மட்டும் தனியாக, அழைப்பு எதுவும் இல்லாமல், சும்மா ஒரு சுற்று ஓடவிட்டுப் பார்த்தேன். கோப்பை பைனரியாகத் திறக்காமல் எழுத்தாகத் திறந்திருக்கிறேன். ஒரே ஒரு எழுத்து விட்டுப்போனது. இப்போதெல்லாம் ஜெனரேட்டர் எழுதினால் முதலில் அதைத் தனியாக ஓடவிட்டுப் பார்க்காமல் அழைப்புக்குள் வைப்பதில்லை.

சர்வர் லோக்கல்ஹோஸ்ட்டில் (லேப்டாப்பின் உள்ளிருந்து வரும் அழைப்புக்கு) மட்டும் காது வைத்திருந்ததும், ரூட்டர் லேப்டாப்புக்கு ஐபி முகவரியை மாற்றி மாற்றிக் கொடுத்ததும் எல்லோருக்கும் நடப்பவை. எல்லா முகவரியிலும் கேட்கும்படி மாற்றி, ரூட்டரில் அந்த லேப்டாப்புக்கு ஒரு நிலையான ஐபி ஒதுக்கிவிட்டு நகர்ந்தேன்.

நாற்பத்தொரு லட்சத்துச் சொச்சம்

துண்டாக்குவதற்கு முன்னால் முழுப் படத்தை ஒரே செய்தியாக அனுப்பியும் பார்த்தேன். 23 லட்சம் பைட் ஜேபெக் தடையில்லாமல் போனது. அந்தத் தெம்பில், கோடுகளின் ஓரம் கலங்காமல் இருக்கட்டும் என்று பிஎன்ஜிக்கு மாறினேன். அது எட்டு எம்பியைத் தொட்டது. உடனே "வளம் தீர்ந்தது" என்று பிழை, பக்கத்தில் 4194304 என்ற எண்.

சரியாக 4 எம்பி. ஜிஆர்பிசியில் வாங்குகிறவர் தானாக வைத்துக்கொள்ளும் வரம்பு அது. அனுப்புகிறவருக்கு அப்படி வரம்பு இல்லை. நான் என்ன செய்தேன், பிழை கிணற்றுப் பக்கத் திரையில் வந்ததால் கிணற்றுப் பக்க நிரலில் வரம்பை ஏற்றினேன். வேலை செய்யவில்லை. 16 எம்பி, 64 எம்பி, வரம்பே வேண்டாம் என்றுகூட எழுதினேன். ஒரு மணி நேரம். படத்தை வாங்குவது லேப்டாப், வரம்பு அங்கே இருக்கிறது, பிழைச் செய்தி மட்டும் இங்கே வந்து சேருகிறது. அஞ்சல்காரர் சீட்டு கொண்டுவந்தார் என்பதற்காக அவரோடு சண்டை போட்ட கதை.

சர்வரில் ஏற்றியதும் போனது. ஆனால் வரம்பை ஏற்றிக்கொண்டே போவது எனக்குப் பிடிக்கவில்லை. அறுந்தால் மறுபடி முதலிலிருந்து என்ற பழைய நோய் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே ஜேபெக்குக்கே திரும்பி, துண்டு போட்டேன். ஒரு துண்டு 65,536 பைட். என் சோதனைப் படத்துக்கு முப்பத்தைந்து முழுத் துண்டு, கடைசியில் 48,120 பைட்டில் ஒரு வால். முதல் செய்தியில் கோப்பின் பெயர், மொத்த அளவு, எஸ்ஹெச்ஏ-256 கையெழுத்து (ஒரு பைட் மாறினாலும் வேறாக வரும் சரிபார்ப்பு எண்). பின்னாலேயே துண்டுகள். லேப்டாப் அதைத் தற்காலிகப் பெயரில் எழுதி, கடைசியில் கையெழுத்து ஒத்துப்போனால் மட்டும் உண்மைப் பெயருக்கு மாற்றும். தனியாக இன்னொரு சின்ன அழைப்பும் உண்டு: "இந்தப் படம் இதுவரை எவ்வளவு வந்திருக்கிறது?" அறுந்த பிறகு கிணற்றுப் பக்கம் அதைக் கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பெருமையாக இருந்தது. ஒரு வாரம்.

அடுத்த சனிக்கிழமை பார்த்தால் கையெழுத்து ஒத்துப்போகாத கோப்புகள் நான்கைந்து. ஒன்றின் அளவு 29,31,704 பைட். வரவேண்டியது 23,41,880. குறைந்திருந்தால் புரியும், கூடியிருக்கிறது! வித்தியாசத்தைக் கால்குலேட்டரில் போட்டேன்: 5,89,824. அதை 65,536ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் ஒன்பது. சரியாக ஒன்பது துண்டு அதிகம். இந்த ஒன்பது கிடைத்த பிறகு பதில் தேட அதிக நேரம் ஆகவில்லை. கால் மணிக்கு ஒருமுறை கிரான் என்ற லினக்ஸ் நேரக் கருவி நிரலை எழுப்புகிறது. பழைய ஓட்டம் சிக்னல் இல்லாமல் நின்றுகொண்டிருக்கும்போதே புதிய ஓட்டம் எழுந்து, பாக்கிப் படத்தை எடுத்துத் தொடர்கிறது. நடுவில் பழையவருக்கு உயிர் வந்து, தன் கையில் இருந்த ஒன்பது துண்டையும் கொண்டுபோய் அதே கோப்பின் கடைசியில் ஒட்டிவிட்டுப் போகிறார். ஜிஆர்பிசியிலும் நாம் சொல்லாவிட்டால் கால வரம்பு கிடையாது. செவ்வாய்க்கிழமை பாடத்தை நான் இங்கே மறந்திருந்தேன்.

மூன்று மாற்றம் செய்தேன். அழைப்புக்கு 90 விநாடிக் கால வரம்பு. ஒரே நேரத்தில் ஒரு ஓட்டம்தான் என்று பூட்டுக் கோப்பு. முக்கியமானது மூன்றாவது: ஒவ்வொரு துண்டோடும் அது எந்த இடத்தில் போய் உட்காரவேண்டும் என்ற எண்ணையும் சேர்த்து அனுப்புகிறேன். லேப்டாப் கடைசியில் ஒட்டாமல் அந்த இடத்தில் எழுதும். ஒரே துண்டு இரண்டு முறை வந்தாலும் அதே இடத்தில் அதே பைட்தான் விழும், கோப்பு வீங்காது. இதை முதல் நாளே செய்திருக்கவேண்டும்.

அப்பாவின் கணக்கு

இத்தனைக்கும் பிறகு அப்பாவிடம் போனில் பக்கத்தைத் திறந்து காட்டினேன். கால் மணிக்கு ஒரு படம், சிவப்புக் கோடுகளோடு. முழுப் படம் தேவையில்லை, கோடு இருக்கும் பட்டை மட்டும் போதும் என்று அதற்குள் நான் வெட்டவும் ஆரம்பித்திருந்தேன். 300 பிக்சல் அகலத்துக்கு ஒரு பட்டை. பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். "இதுல படி எங்க கண்ணு?"

எங்கள் கிணற்றின் எதிர்ச் சுவரில் கல்லால் பதித்த படிகள் உண்டு. அப்பாவுக்கு மட்டம் என்றால் அதுதான். பதினொரு படி தெரிகிறது என்றால் தாராளம், பதினெட்டுக்கு மேல் தெரிந்தால் மோட்டாரைத் தொடக்கூடாது. தாத்தா காலத்துக் கணக்கு. நான் கயிறு கட்டி இறங்கி, இரண்டு நாள் பாடுபட்டுப் போட்ட அடிக்கோடுகள் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. "நாப்பத்திரண்டு அடின்னா நான் என்னத்தக் கண்டேன். படியக் காட்டு, நான் எண்ணிக்கறேன்."

வெட்டும் பட்டையை 620க்கு 1500 ஆக அகட்டினேன். இப்போது ஓரத்தில் கோடும் நடுவில் படியும் தெரிகின்றன. ஜேபெக் தரம் 80. அளவு 1,12,000 பைட் சுமார். இரண்டே இரண்டு துண்டு. மோசமான சிக்னலிலும் இரண்டு மூன்று விநாடியில் வந்துவிடுகிறது. இந்த அளவுக்கு அந்தப் பழைய எக்ஸ்எம்எல்-ஆர்பிசியே, டைம்அவுட் வைத்திருந்தால், தாராளமாகப் போதும். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஐந்து வாரம் துண்டு போட்டுப் பழகிய கையால், துண்டே தேவைப்படாத படத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். மனது கேட்காமல் காலை ஆறு மணிக்கு மட்டும் ஒரு முழுப் படம் அனுப்ப வைத்திருக்கிறேன். போன ஞாயிறு வந்த "36/36" அதுதான்.

செலவு: பலகை 1,850, கேமரா 480, மாற்றுப் பட்டை 140, 32 ஜிபி கார்டு 420, ஐந்து வோல்ட் அடாப்டர் 250, பிவிசி பெட்டி 160, கண்ணாடித் துண்டும் சிலிகானும் 110, பெயின்ட் 95. மொத்தம் 3,505 ரூபாய். லேப்டாப்பும் ரூட்டரும் வீட்டில் கிடந்தவை. காயில் கட்டிய கூலியில் பாதிதான், ஆனால் கோவையிலிருந்து போய்வந்த பெட்ரோலைக் கூட்டிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

திரும்பச் செய்வதென்றால், கேமராவை மாட்டிய அன்றே ஒரு படத்தை பென்டிரைவில் எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டி எது தெரியவேண்டும் என்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் சர்வர் பக்கம் போவேன். பெட்டியின் கண்ணாடியை நேராக வைக்காமல் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வைப்பேன். விடியற்காலையில் உள்பக்கம் பனி கோத்துக்கொண்டு ஏழரை வரை எல்லாம் மங்கல். போன புதன்கிழமை மதியப் படங்கள் முழுக்கக் கண்ணாடிக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருந்த பல்லியின் வயிறுதான். பைட் கணக்கில் குறையே இல்லை, கையெழுத்தும் ஒத்துப்போனது.

நேற்று அப்பா கூப்பிட்டார். "பதினாலு படி தெரியுது, போட்டுட்டேன்" என்றார். பிறகு, மூன்று பேஸ் கரண்ட் ராத்திரி முறைக்கு வரும்போது என்ன பண்ணுவது என்று கேட்டார். எழுபது ரூபாய்க்கு ஒரு ரிலே (நிரல் போட்டு அணைக்கக்கூடிய சுவிட்ச்) வாங்கிப் பையில் போட்டிருக்கிறேன். மோட்டார் ரூமில் ஒரு எல்இடி பல்பு மாட்டி, படம் எடுக்கும் பத்து விநாடிக்கு மட்டும் அதை எரியவிடவேண்டும். அறுபதடி ஆழத்துக்கு அந்த வெளிச்சம் எட்டுமா என்று சனிக்கிழமை ராத்திரிதான் தெரியும்.